அடிபட்டவன் சொல்வதே தீர்ப்பு

பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போனால் ஸ்லிப்பரி ராக் என்ற சிற்றூர் வரும். பக்கத்திலேயே கூப்பர்ஸ் லேக் என்ற முகாம் மைதானம். அங்கே ஒவ்வொரு கோடையிலும், ஜூலைக் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஒரு போர் நடக்கிறது. பென்சிக் என்று பெயர். 1972-இல் தொடங்கியது. கொரோனா வந்த இரண்டு கோடைகளில் மட்டும் கூட்டவில்லை. பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கிழக்கு ராஜ்யத்துக்கும் நடு ராஜ்யத்துக்கும் மோதல். தோற்ற ராஜ்யத்துக்கு என்ன தண்டனை என்று கேட்டால், பிட்ஸ்பர்க்கை அவர்கள் தலையில் கட்டிவிடுவார்களாம். நான் வீட்டுவரி கட்டிக் குடியிருக்கும் ஊர் அது. இந்தக் கேலியைக் கேட்டபிறகுதான் அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்தது.

நடத்துகிறவர்கள் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் என்ற அமைப்பினர். அவ்வளவு நீளத்துக்கு யாரும் சொல்வதில்லை, எஸ்.சி.ஏ. என்பார்கள். 1966 மே முதல் தேதி, கலிபோர்னியாவில் பெர்க்லியில், டயானா பாக்ஸன் என்ற மாணவியின் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய வேடிக்கைப் போட்டிதான் அதற்கு விதை. பாக்ஸன் பிறகு நாவலாசிரியர் ஆனார். இப்போது அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று நிலத்தையே ராஜ்யங்களாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். கி.பி. 1600-க்கு முந்தைய உலகம்தான் இவர்கள் உலகம். சமையல், நெசவு, எழுத்துக்கலை, பாட்டு எல்லாம் உண்டு. ராஜாவை மட்டும் வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுப்பதில்லை, சண்டை போட்டு ஜெயிக்கிறவர்தான் ராஜா.

நானும் சேர்ந்திருக்கும் ராஜ்யத்தின் பெயர் ஏதல்மார்க். 1997-இல் தனி ராஜ்யமானது. அதற்கு முன்னால் பிட்ஸ்பர்க் கிழக்குக்குச் சொந்தமா நடுவுக்குச் சொந்தமா என்று இழுபறியாகக் கிடந்ததால், இந்த வட்டாரத்துக்கே ‘வழக்குள்ள நிலம்’ என்று பொருள்படப் பெயர் வைத்துவிட்டார்கள். இதைக் கேட்டு எனக்கு வியப்பு ஒன்றும் வரவில்லை. என் சொந்த ஊரான குடவாசல் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 1997-இலிருந்து திருவாரூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கும்பகோணத்திலிருந்து வரும் பஸ்ஸும் அதே பஸ்தான். கடிதத்தில் எழுதும் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

சேர்வது எப்படி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சும்மா போய் நின்றால் போதும். வாரத்தில் ஒருநாள் மாலையில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் பயிற்சி. காசு வாங்குவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய இரவல் கவசம் வைத்திருக்கிறார்கள். தலைக்கவசத்துக்குள் தலையை விட்டதும் முதலில் வருவது நாற்றம், பல வருஷங்களாகப் பலபேர் வியர்த்த வியர்வை. அடுத்து, நம் மூச்சு நம் காதுக்கே ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும். முகத்துக்கு நேரே கம்பி வலை. அதில் ஓர் அங்குலக் கட்டைகூட நுழையக்கூடாது என்பது விதி. தகடு 16 கேஜ் எஃகுக்குக் குறையக்கூடாது. கழுத்து, விலா, இடுப்பு, மர்ம ஸ்தானம், முழங்கை, முழங்கால், கை என்று எதெதை மூட வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. மூடியிருக்கிறதா என்று மார்ஷல் என்கிற கண்காணிப்பாளர் தட்டிப் பார்த்தபிறகுதான் களத்தில் விடுவார்.

புதிதாக வருகிறவர்கள் கண் நேரே வாள் மேல்தான் போகும். முதலில் வாங்க வேண்டியது தலைக்கவசம். அதற்குத்தான் சில நூறு டாலர் செலவழிக்க வேண்டும். நம் தலை அளவுக்கு உள்ளே பஞ்சு வைத்து, தாடைப்பட்டையை இறுக்கி, தலையை உதறினால் கவசமும் கூடவே திரும்ப வேண்டும். மற்றதையெல்லாம் மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். உடம்புக் கவசத்தை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நீல பிளாஸ்டிக் டிரம்மை அறுத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் கொல்லைப்புறத்தில் தண்ணீர் பிடித்து வைப்போமே, அதே டிரம்தான். மேலே அங்கி போட்டு மறைத்துவிட்டால் மாவீரன்தான். எஃகிலேயே எல்லாம் வேண்டும் என்று போனால் எடை 25, 30 கிலோவுக்கு வரும். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த எடை பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். மூட்டையை இறக்கி வைத்துவிடலாம், இதை இறக்க இன்னொருவர் வந்து வாரை அவிழ்க்க வேண்டும்.

வாள் எஃகு அல்ல, பிரம்பு. ஒன்றேகால் அங்குல கனத்துக்குக் குறையாத பிரம்பை வெட்டி, டக்ட் டேப் சுற்றிக் கைப்பிடி வைத்தால் வாள். மூங்கில் பிளந்துகொண்டு சிராய் தெறிக்கும், பிரம்பு அப்படியில்லை, நாராக நசுங்கும். நான் படித்த பள்ளியில் இதில் கால்வாசி கனம் உள்ளதை வைத்துக்கொண்டு கணக்கு வாத்தியார் ஒரு தலைமுறையையே அடக்கி ஆண்டார், தலைக்கவசம் தராமலே.

எஃகுச் சண்டையும் இருக்கிறது. புஹுர்ட் என்பார்கள். மழுங்கிய எஃகு ஆயுதங்களோடு ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று வேலிக்குள் மோதி, கீழே தள்ளினால் வெற்றி. 2010-இல் உக்ரைனில் ஹோதின் கோட்டையில் தொடங்கிய ‘பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்’ மூலம் அது உலகமெங்கும் பரவியது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எனக்கு மீட்டிங் இருக்கிறது. பிரம்பே போதும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

என்னைப் பிடித்துப்போட்டது வேறு ஒரு விஷயம். இந்தச் சண்டையில் அடி விழுந்ததா, எவ்வளவு பலமாக விழுந்தது என்று சொல்லும் அதிகாரம் அடித்தவனுக்கும் இல்லை, மார்ஷலுக்கும் இல்லை. வாங்கினவன்தான் சொல்ல வேண்டும். தலையிலோ உடம்பிலோ நல்ல அடி பட்டால் அவனே ‘குட்’ என்று சொல்லிவிட்டு விழ வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தொடையில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டுக்கு அப்பாலும் அடிக்கவே கூடாது. மார்ஷல் இருப்பது பாதுகாப்புக்கு. யாராவது ‘ஹோல்ட்’ என்று கத்தினால் ஆயிரம் பேரும் அப்படியே நிற்பார்கள்.

நம் சிலம்பத்தில் கம்பின் நுனியில் பொடியைத் தோய்த்துக்கொண்டு ஆடுவதுண்டு. எதிராளி உடம்பில் பொட்டு விழுந்தால் தொட்டதற்கு அத்தாட்சி. வாய்ச்சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்து, அந்த முறையைக் காக்க ராத்திரியில் மடையில் டார்ச் லைட்டோடு ஆள் படுக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். எனக்கும் அத்தாட்சி இருந்தால்தான் நிம்மதி. முதல் மாதங்களில் எதிராளியின் தோளில் என் அடி ‘ணங்’ என்று விழும், அவர் சாவகாசமாக, “லேசாகத்தான் பட்டது” என்பார். எனக்கு உள்ளே கொதிக்கும். பஞ்சாயத்துக்கு ஆள் தேடுவேன். யாரும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் களத்தில் கால் வைப்பதற்கு முன்னால், கை கால் போனால் வழக்குப் போட மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் இந்த நாட்டில் முடிகூட வெட்டிக்கொள்ள முடியாதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட நாட்டில், வக்கீல்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் நிறைந்த கூட்டமே வார இறுதியில் ஓர் ஆளின் சொல்லை நம்பி விழுகிறது, எழுகிறது. அடி வாங்கியும் விழாதவனுக்குப் பெரும்பாலும் தண்டனை கிடையாது. அவனுக்குப் பெயர் ‘காண்டாமிருகம்’. அந்தப் பெயர் வந்துவிட்டால் அவன் எத்தனை பேரை வீழ்த்தினாலும் எவரும் மதிக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு வீடியோவில் தொடையில் இருந்த கன்றிப்போன தடத்தைக் காட்டினேன்.

“ஏண்டா தம்பி, அடிச்சவனுக்கு என்னடா குடுப்பாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்கம்மா.”

“வாங்கினவனுக்கு?”

“அவன்தான் அடி நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்.”

“நல்லா இருந்துச்சாம்ல,” என்று சொல்லிவிட்டுப் போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னாள்.

இந்தச் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயரும் காலமும் ஊரும் வேண்டும். இங்கிலீஷ் பிரபுவாக வேஷம் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ராஜேந்திர சோழன் காலத்துத் தெரிஞ்ச கைக்கோளர் படையில் ஒருவன் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கோயில் சிற்பத்தில் நம் வீரர்கள் பெரும்பாலும் அரையாடையோடு, கையில் வாளும் கேடயமுமாக நிற்கிறார்கள். அந்த வெயிலில் யார் இரும்பு மாட்டுவார்கள்? இந்த விதிப்புத்தகமோ கழுத்திலிருந்து மூடச் சொல்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போனபோது ஜார்ஜ் ஸ்டோன் என்பவர் 1935-இல் எழுதிவைத்துப் போன ஆயுதங்களில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கக் கண்டேன். கைமுட்டியை மூட ஒரு தகடு, அதில் யாளி முகம். கையையாவது மறைக்க நம் ஆள் யோசித்திருக்கிறான் என்று ஒரு நிம்மதி. எல்லாம் நாயக்கர் காலத்துச் சரக்கு, என் சோழனுக்கு உதவாது. ஆகவே டிரம் பிளாஸ்டிக்கின் மேல் காவி நிறத்தில் ஓர் அங்கி.

பென்சிக் களத்தில் ஆளை உண்மையாகவே வீழ்த்துவது பிரம்பு அல்ல, தாகம். ஆகஸ்ட் வெயிலில் இரும்புக்குள் இருப்பவனுக்குத் தாகம் எடுத்ததே தெரியாது, தெரியும்போது தலை சுற்றிவிடும். அதற்காகவே தண்ணீர்க்காரர்கள் என்று ஓர் அணி உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஓடிவந்து, கவசத்தின் கம்பிக்குள் குழாயை விட்டுக் குடிக்க வைப்பார்கள். கூடவே ஆரஞ்சுச் சுளை, வெள்ளரிக்காய் ஊறுகாய், அந்த ஊறுகாய் ஊறிய உப்புத் தண்ணீர். தசைப்பிடிப்புக்கு நல்லதாம். இந்தப் பக்கத்து ஆள், அந்தப் பக்கத்து ஆள் என்ற கணக்கே கிடையாது.

ஒருநாள் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, உன் ஊரில் அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். சிறை இருந்தது என்றேன். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்று, குடவாயில் என்ற எங்கள் ஊர்க் கோட்டத்தில் அடைபட்டுக் கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே தரவில்லை. பிறகு கொண்டுவந்து கொடுத்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். புறநானூற்றின் 74-ஆம் பாட்டு அது. அவன் சாகவில்லை, பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டுக்கொண்டு போனார் என்று இன்னொரு மரபும் உண்டு. யானை ஏற முடியாத மாடக்கோயில்களை எழுப்பியவன் என்று பேர் வாங்கிய அதே செங்கணான்தான் எங்கள் ஊர்க் கோணேஸ்வரர் கோயிலையும் கட்டினான் என்பார்கள். கோயிலை எல்லோரும் காட்டினார்கள். சிறை எங்கே இருந்தது என்று எனக்குக் காட்டியவர் எவருமில்லை.

கவசக்காரர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், அவன் செய்தது சரிதான், கேட்டதற்குத் தராதவன் கொடுத்தால் குடிக்கக்கூடாது என்றார். சுத்தப் பைத்தியக்காரத்தனம், ராஜா செத்தால் குடிகளுக்கு என்ன கதி என்றார் இன்னொருவர். தண்ணீர் அணித் தலைவி பகலில் நர்ஸ் வேலை பார்ப்பவர். அவருக்கு மானம், பாட்டு எதிலும் அக்கறை இல்லை. “அந்தச் சிறைக்குத் தண்ணீர்ப் பொறுப்பு யாரிடம் இருந்தது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுதி வைக்காமல் இருந்திருப்பார்கள், அதுதான் கோளாறு என்று சொல்லி, பையிலிருந்து நோட்டை எடுத்து, மறுநாள் காலைப் பாலச் சண்டைக்கான தண்ணீர்ப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.