துடைத்த சாம்பல்

திருநீற்றுப் புதனன்று கிறிஸ்தவர்கள் சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீஸ் வாசலிலேயே கர்ச்சீப்பால் அதைத் துடைத்துவிடுவேன். 'அல்லேலூயா பார்ட்டி' என்று கிண்டல் பண்ணுவார்களே!

ஒரு வருஷம் பக்கத்து சீட் நண்பர் பார்த்துவிட்டார். நெற்றியில் பட்டை விபூதி. "நான் தினம் பூசிட்டு வர்றேன். வருஷத்துல ஒரு நாள் வெச்சதையும் துடைச்சிட்டீங்களே சார்?"

சுருக்கென்றது. சேவல் கூவுமுன் மூன்று முறை 'அவரைத் தெரியாது' என்ற பேதுரு, சாட்சாத் நான்தான்.

மத்தியானம் டீக்கடையில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். மண்ணுக்குத்தான் போகப்போகிறோம் என்று ஞாபகப்படுத்த.

"அட, விபூதியும் அதைத்தானே சொல்லுது!" என்றார்.

மறுவருஷம் கர்ச்சீப் பாக்கெட்டிலேயே இருந்தது.