வேலையில் இறந்தாரா, வேலையால் இறந்தாரா?

ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போன நாமக்கல் லாரி ஒன்று நாகபுரியில் ஒரு கிடங்கின் வாசலில் இரவு முழுக்க நின்றது. மூட்டை இறக்கும் ஆட்கள் காலையில்தான் வருவார்கள். விடிந்ததும் கிளீனர் டீ வாங்கிக்கொண்டு வந்து டிரைவரை எழுப்பினார். அவர் எழவில்லை. மாரடைப்பு என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. வயது 40. 1923ஆம் ஆண்டுச் சட்டம் ‘தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்ற பழைய பெயரிலேயே இருந்த காலம் அது. இறப்பு எங்கே நடந்தாலும் குடும்பம் வசிக்கும் இடத்தில் மனு போடலாம் என்பதால், அவருடைய மனைவிக்காகச் சேலத்தில் இழப்பீட்டு ஆணையர் முன் மனு தாக்கல் செய்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் எதிருரை மூன்று பக்கம்கூட இல்லை. பாலிசி நடப்பில் இருந்தது, லைசென்ஸ் சரி, இறந்தவர் இந்த முதலாளியிடம்தான் வேலை பார்த்தார் என எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இப்படித் தாராளமாக ஒப்புக்கொள்ளும் எதிருரையைக் கண்டால் வக்கீலுக்குப் பயம் வரவேண்டும். கடைசிப் பத்தியில் இருந்தது விஷயம்: இறப்பு வேலை நேரத்தில் நடந்தது உண்மை, ஆனால் வேலையின் காரணமாக நடக்கவில்லை.

சட்டத்தின் 3ஆவது பிரிவு ‘அரைஸ்’ என்ற ஆங்கில வினையை இரண்டு முன்னிடைச்சொற்களில் பூட்டி வைத்திருந்தது. விபத்து ‘அரைஸிங் அவுட் ஆஃப்’ ஆகவும் இருக்கவேண்டும், ‘இன் த கோர்ஸ் ஆஃப்’ எம்ப்ளாய்மென்ட் ஆகவும் இருக்கவேண்டும். 1897இல் பிரிட்டனில் வந்த சட்டத்திலிருந்து அப்படியே எடுத்து நட்ட தொடர் இது. நமக்கு முன்னிடைச்சொல் கிடையாது, அந்த வேலையை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். ‘இன்’ என்பது வேலையில், ‘அவுட் ஆஃப்’ என்பது வேலையால். முன்னது நேரத்தையும் இடத்தையும் கேட்கிறது, பின்னது காரணத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ இல்லை, ‘அண்ட்’ இருக்கிறது. ஒன்றை நிரூபித்து மற்றதை விட்டுவிட்டால் மனு தள்ளுபடிதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மெக்கின்னன் மெக்கன்சி தீர்ப்பை எடுத்து வைத்தார். கப்பலில் வேலை பார்த்த மாலுமி ஒருவர் நடுக்கடலில் காணாமல் போனார். கப்பலில் இருந்தார் என்பதாலேயே வேலையால் இறந்தார் என்று ஆகிவிடாது, இறப்புக்கும் வேலைக்கும் காரணத் தொடர்பு வேண்டும், அதைக் காட்டும் பொறுப்பு மனுதாரருடையது என்று அந்த வழக்கில் இழப்பீடு மறுக்கப்பட்டது. “வண்டி நின்றிருந்தது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் படுத்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும்” என்றார். இறந்தவரின் பையில் இருந்த இரத்த அழுத்த மாத்திரை அட்டையும் அவருக்கு உதவியது. நோய் மனிதனுடையது, வேலையுடையது அல்ல என்பது அவர் வாதம்.

‘இன்’ என்ற பாதிக்கு எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ‘அவுட் ஆஃப்’ என்ற பாதிக்கு அந்தப் பயணமே சாட்சிக்கூண்டில் ஏறவேண்டியிருந்தது. டிரிப் ஷீட்டும் டீசல் பில்லும் முதலாளியிடம் இருந்தன. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் காகிதங்களைத் தரத் தயங்கினார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று சொன்னது. நெடுந்தூர வண்டிக்கு உரிய அதிகாரியின் ஒப்புதலோடு 10 மணி நேரம் வரை போகலாம் என்றிருந்தது. இரண்டாவது டிரைவர் இல்லாமல் நாகபுரிக்கு வண்டியை அனுப்பியவருக்கு அந்த எண்கள் தெரியாமல் இருக்காது. ஆவணங்களை வரவழைக்க மனு போட்டேன். கோப்பு வந்தது.

ஜி.எஸ்.டி. வராத காலம், மாநில எல்லைக்கு எல்லை சோதனைச்சாவடி முத்திரை உண்டு. ஓசூரில் விழுந்த முத்திரைக்கும், அதிலாபாத்துக்கு அப்பால் மகாராஷ்டிர எல்லையில் விழுந்த முத்திரைக்கும் நடுவே பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 900 கிலோமீட்டர். இரண்டு முத்திரைக்கும் இடைவெளி முப்பது மணி நேரம்கூட இல்லை. சுமை லாரியை மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிட்டாலும் ஸ்டீயரிங் முன்னால் மட்டும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மிச்சத்தில்தான் சாப்பாடு, டீசல், சாவடி வரிசை, தூக்கம் எல்லாம்.

கிளீனரைக் கூண்டில் ஏற்றினேன். இருபது வயதுப் பையன். குறுக்கு விசாரணையில், “நாகபுரி போனதும் நன்றாகத்தானே தூங்கினார்?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“அங்க போயித்தானுங்க தூங்கினாரு. வழியில அண்ணன் கண்ணசரவே இல்லீங்க. ஐதராபாத் தாண்டினதும் நெஞ்சு கரிக்குதுன்னு சோடா வாங்கியாரச் சொன்னாருங்க.”

நெஞ்சு கரிப்பு ஐதராபாத்துக்கு அப்பாலேயே தொடங்கிவிட்டது, அதன் பிறகும் வண்டி ஓடியது. நாகபுரியில் நின்ற வண்டியை மட்டும் பார்க்கச் சொன்ன வாதம் அந்தப் பதிலோடு ஆட்டம் கண்டது.

மாத்திரை அட்டைக்குப் பதில் 1910ஆம் ஆண்டிலேயே இருந்தது. பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த குளோவர் கிளேட்டன் வழக்கு. நெஞ்சில் பெருந்தமனி வீங்கியிருந்த ஒரு தொழிலாளி ஸ்பேனரால் நட்டு முறுக்கும்போது அது வெடித்து இறந்தார். நோய் முற்றியிருந்தது, தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம் என்பது அந்த வழக்கிலேயே பதிவான உண்மை. இருந்தும் இழப்பீடு கொடுத்தார்கள். வலுவான உடம்புக்கு மட்டும்தான் காப்பு என்று சட்டம் சொல்லவில்லை, வேலை அந்த உடம்பை என்ன செய்தது என்பதுதான் கேள்வி. இதையே சேலத்திலும் சொன்னேன்.

ஆணையர் மனுவை அனுமதித்தார். அப்போது சம்பள உச்சவரம்பு மாதம் ரூ.4,000. அதில் பாதியை 40 வயதுக்கான காரணியான 184.17ஆல் பெருக்கினால் ரூ.3,68,340. அதன் மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. கம்பெனி தொகையைக் கட்டிவிட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்து வழுக்கி விழுந்து இறந்த டிரைவர் ஒருவருக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு மறுத்த தீர்ப்பை அங்கே காட்டினார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2012இல் பரம்பால் சிங் தீர்ப்பு வந்தது. டெல்லியிலிருந்து 1,152 கிலோமீட்டர் பயணத்தில் போன லாரி டிரைவர், உடம்பு முடியாமல் வண்டியை ஓரம் கட்டினார், இறந்தார். நெடுந்தூரம் ஓட்டிய அழுத்தமே காரணத் தொடர்பு என்று நீதிமன்றம் ஏற்றது. குளத்துப் படிக்கும் லாரி இருக்கைக்கும் உள்ள தூரம் அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் தீர்ப்பு நின்றது.

இதே ‘அரைஸ்’ வேறு இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. மோட்டார் வாகன வழக்கில் ‘காஸ்ட் பை’ என்பதைவிட ‘அரைஸிங் அவுட் ஆஃப்’ விரிவானது. 1991இல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில், மோதிக் கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும் வாகனப் பயன்பாட்டிலிருந்து எழுந்த விபத்து என்று உச்ச நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. வணிக ஒப்பந்தங்களிலோ, ‘அரைஸிங் அண்டர்’ வேறு, ‘அரைஸிங் அவுட் ஆஃப்’ வேறு என்று நூல் பிரித்தவர்களை 2007இல் பியோனா டிரஸ்ட் வழக்கில் பிரபுக்கள் சபை கண்டித்தது. வியாபாரிகள் இலக்கணம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அதற்கு நியாயம். தொழிலாளிச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. அங்கே இரண்டையும் ‘அண்ட்’ போட்டு இணைத்தது சட்டமன்றமே.

2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொடரை வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழிவரை நீட்டியது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை வேலைக்குப் போகும்போது சாலையில் இறந்த வழக்கு அது. அங்கும் நேரம், இடம், வேலை மூன்றுக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை தளரவில்லை. 1923 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டாலும், தொடர் ஒரு எழுத்தும் மாறாமல் கூடவே போயிருக்கிறது. ஆகவே ஜூனியர்களுக்கு ஒன்று சொல்வேன். இறப்புச் சான்றிதழ் எப்போது கேட்டாலும் கிடைக்கும். டிரிப் ஷீட்டோ முதலாளி லாரியை விற்கும் அன்றைக்கே பழைய பேப்பர்காரனிடம் போய்விடும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே அதை வரவழைக்க மனு எழுதிவிடுங்கள்.