மல்லாட்டைக் கொல்லையில் ஓர் இரவு

ஆம்பூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தோலும் பிரியாணியுமே. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பாலாற்றை ஒட்டி வளர்ந்த ஊர்கள் பலவற்றுக்கும் தோலே பிழைப்பு. முன்னாளில் அத்தோலைப் பதனிட ஆவாரம் பட்டை வேண்டியிருந்தது. புதர்க்காடுகளிலும் தரிசுகளிலும் உரிக்கப்பட்ட அப்பட்டை, காட்டையும் தொழிற்சாலையையும் ஒரு கயிற்றால் பிணைத்திருந்தது. இன்று அக்கயிறு அறுந்துவிட்டது. ஆனால் காடு இன்னும் ஊரின் முதுகுப்புறத்தில்தான் நிற்கிறது.

இதை நேரில் உணர விரும்புவோர், ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுச் சாலையில் சென்று, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இறங்க வேண்டும். மலைக்கு அப்பால் ஆந்திரத்தின் கௌண்டின்யா யானைச் சரணாலயம். இப்பால் மல்லாட்டைக் கொல்லைகள்; வேர்க்கடலையை இப்பகுதியார் அப்படித்தான் அழைக்கின்றனர்.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் அத்தகைய கொல்லை ஒன்றில், பரண்மீது ஓர் இரவு தங்கினேன். கொல்லைக்காரர் தகரத்தைத் தட்டியபடி விழித்திருந்தார். முந்திய வாரம் ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் கால் ஏக்கரை உழுதுவிட்டனவாம். "கடன் வாங்கி விதைத்தேன் ஐயா. கேரளத்தில் துப்பாக்கி உரிமம் உள்ளவரைக் கொண்டு சுடுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கூடாது?" என்றார்.

அவர் சொன்னது மெய்யே. கேரள அரசு 2022-இல் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. தமிழ்நாட்டில் 2025 சனவரியில் வேறு வழி வகுக்கப்பட்டது. காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நாங்கள் அமர்ந்திருந்த பரணோ காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது!

அப்போது, எங்களுடன் துணைக்கு வந்திருந்த பெரியவர் பேசினார். இளமையில் வேட்டைக்காரராயிருந்தவர், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் துப்பாக்கியை விட்டவர்.

"சுடுவது கடினமன்று, தம்பி; எப்போது நிறுத்துவது என்பதே கடினம். குட்டியோடு திரியும் பன்றியை என் தகப்பனார் சுடமாட்டார். ஆனால் ஓநாயைக் கண்டால் விடமாட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் அதன் தலைக்குப் பரிசு கொடுத்தார்களல்லவா? ஓநாய் ஆட்டையும் தின்றது, பன்றிக் குட்டியையும் தின்றது. நாங்கள் ஆட்டை மட்டும் எண்ணினோம்."

இந்திய நாடு முழுவதும் இன்று எஞ்சியுள்ள ஓநாய்கள் ஏறத்தாழ 3,000 என்பது அறிஞர் மதிப்பீடு. பன்றியோ ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் போடுகிறது. பன்றி பெருகியதற்கு ஓநாய் குறைந்தது ஒன்றே காரணமென்று சொல்லிவிட முடியாது. எனினும் கிழவரின் கணக்கில் ஒரு நீதி இருந்தது.

"அப்படியானால் என் கடலைக்கு என்ன வழி, தாத்தா?" என்று கொல்லைக்காரர் சற்றுக் கோபத்துடன் கேட்டார். பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. "காட்டு வாசலில் பன்றி வருவது அதன் இயல்பு. அதைச் சுமக்கிறவன் நீ ஒருவனாகவே இருப்பதுதான் அநியாயம். இழப்பீடு தாமதமின்றி வரவேண்டும். வேலி போட ஊர் கைகொடுக்க வேண்டும். எத்தனை பன்றி இருக்கலாமென்று முடிவு செய்கையில் உன்னையும் என்னையும் கேட்க வேண்டும். அவுட்டுக்காயும் மின்கம்பியும் மட்டும் வேண்டாம்," என்றார்.

அவர் அஞ்சியது வீணன்று. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கக் கட்டிய கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. மின்சாரம் பன்றியையும் யானையையும் பிரித்தறியாது. இருளில் வரப்பில் நடந்துவரும் பக்கத்துக் கொல்லைக்காரனையும் அறியாது.

விடியும் வரை பன்றி வரவில்லை. பெரியவர் வரப்பில் குனிந்து, ஈர மண்ணில் பதிந்திருந்த குளம்படியைக் காட்டினார். வேலிவரை வந்து திரும்பியிருந்தது. "இன்று தகரம் வென்றது," என்று சிரித்தார். கொல்லைக்காரர் சிரிக்கவில்லை. அறுவடைக்கு இன்னும் ஒன்பது இரவுகள் இருந்தன.