மூழ்கிய அடகு

மார்ச் 8, சனி

ஃபோர்ட் வொர்த்துக்குப் போன வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வழியில் ஓர் அடகுக்கடை. கித்தார்கள், டிரில் மெஷின்கள், கல்யாண மோதிரங்கள், கடைசியில் கண்ணாடிப் பெட்டி நிறையக் கைத்துப்பாக்கிகள். எல்லாம் பிளாஸ்டிக் உடம்பு. நடுவில் ஒன்று மட்டும் எஃகும் வால்நட் மரமுமாக இருந்தது. பிரௌனிங் ஹை பவர். சீட்டில் 1,150 டாலர்.

யாரோ வைத்த பொருள், மீட்க வரவில்லை. நம் ஊரில் நகை மூழ்கிவிட்டது என்போமே, அதேதான்.

கடைக்காரர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் கையில் தந்தார். நானும் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். சின்ன டார்ச் அடித்துக் குழலைப் பார்த்தால் உள்வரிகள் நேற்று வெட்டியவை போல இருக்கின்றன. வெளியே கதை வேறு. முனையின் இரண்டு பக்கமும் கருமை போய் வெள்ளை எஃகு தெரிகிறது. உறையில் செருகி எடுத்து, செருகி எடுத்துத் தேய்ந்தது. நிறையச் சுமந்து, கொஞ்சமாகச் சுட்ட ஆள்.

அனுமதி கேட்டுக்கொண்டு விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. உடைசல் சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே காலி மேகசினைச் செருகி, "இப்போது" என்றார். டக்கென்று சுத்தியல் விழுந்தது. மேகசின் உள்ளே இல்லையென்றால் விசை வேலை செய்யாது, இந்தத் துப்பாக்கியின் பிறவிக்குணம் அது. இவ்வளவு படித்திருந்தும் கைக்கு வந்தபோது மறந்துபோயிற்று.

1,050க்கு இறங்கி வந்தார். பிறகு 4473 என்ற படிவம். பெயரில் இனிஷியல் மட்டும் இருந்தால் அதன் பக்கத்தில் ஐ.ஓ. என்று எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லாதவர் என்.எம்.என். என்று போட வேண்டும். தமிழர்களை மனதில் வைத்தே அச்சடித்த மாதிரி இருக்கிறது. என் அப்பா பெயர் கடைசிப்பெயராகிப் பல வருஷம் ஆயிற்று, எனக்கு என்.எம்.என். பத்து நிமிடத்தில் பின்னணிச் சோதனை முடிந்து 'கொடுக்கலாம்' என்று பதில் வந்தது. வரியோடு 1,136 டாலர் சொச்சம். இரண்டு மேகசின்கள் சேர்த்தி. ஒன்றின் அடியில் மஞ்சளேறிய டேப் ஒட்டி, பேனாவால் 2 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

வீட்டில் மனைவி துப்பாக்கி என்பதற்காகக் கோபப்படவில்லை. பெட்டகத்தில் ஏற்கெனவே ஒரு பாயின்ட் டூ டூ இருக்கிறது, பழகிவிட்டாள். "ஏங்க, யாரோ முடியாமப் போயி வச்ச பொருள். அத வாங்கிட்டு வரலாமா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். இழந்த தூக்கத்தைப் பகலில் பிடிக்காமல், துணி விரித்துத் துப்பாக்கியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டேன். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து சேஃப்டியை அதன் இரண்டாவது பள்ளத்தில் மாட்டினால் அப்படியே நிற்கும். ஸ்லைடு ஸ்டாப்பை வலப்பக்கத்திலிருந்து தள்ளினால் வெளியே வரும். பிறகு எல்லாம் முன்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஓர் ஆணிகூடத் திருக வேண்டாம்.

வரிசை எண் 73சி என்று தொடங்குகிறது. 1973. என்னைவிட இரண்டு வயது மூத்தது. பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச்சாலை முத்திரைகள் குழலிலும் ஸ்லைடிலும் உடம்பிலும் தனித்தனியே அடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒல்லியான தூண். பெர்ரோன் என்று பெயர், அந்த ஊரின் சின்னம். பூதக்கண்ணாடி வைத்தால்தான் புரிகிறது.

இதை வடிவமைக்கத் தொடங்கிய ஜான் மோசஸ் பிரௌனிங் முடித்துப் பார்க்கவில்லை. 1926 நவம்பர் 26 அன்று லியேஜில், எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். பாதியில் நின்றதை எடுத்து முடித்தவர் அங்கிருந்த தியுதொனே சைவ். பிரௌனிங் தன் பழைய காப்புரிமைகளைக் கோல்ட் கம்பெனிக்கு விற்றிருந்தார். அதனால் தன் சொந்தக் கண்டுபிடிப்பையே தொடாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது அவருக்கு. 1928ல் அந்தக் காப்புரிமைகள் காலாவதியாக, சைவ் வேண்டியதை எடுத்துக்கொண்டார். பதின்மூன்று தோட்டா பிடிக்கும் இரட்டை வரிசை மேகசினும் சைவின் கைவேலைதான். பேர் மட்டும் பிரௌனிங்குக்கு. 1935ல் பெல்ஜிய ராணுவம் ஏற்றுக்கொண்டது.

1940ல் ஜெர்மானியர் தொழிற்சாலையைப் பிடித்துத் தங்களுக்கே செய்துகொண்டார்கள். அந்தப் பக்கம் கனடாவின் டொரண்டோவில் ஜான் இங்லிஸ் கம்பெனி 1944லிருந்து நேசநாடுகளுக்குச் செய்தது. போர் முடிந்து அதே இங்லிஸ் துணி துவைக்கும் மெஷின் செய்து பேர் வாங்கியது. 1982ல் ஃபாக்லாந்து தீவுப் போரிலும் இரண்டு தரப்பு இடுப்பிலும் இதே துப்பாக்கி. எதிரியிடமிருந்து பிடுங்கினால் மேகசினைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

மார்ச் 15, சனி

சுடும் கூடம். கண்ணாடி, காதுக்கவசம், 124 கிரெய்ன் உருண்டை முனைத் தோட்டா இரண்டு பெட்டி. அந்தக் காலத்துக் குழலில் தோட்டா ஏறும் சரிவில் ஒரு திமில் இருக்கும். குழி முனைத் தோட்டா அங்கே முட்டிக்கொள்ளும், உருண்டைதான் ஒத்துவரும்.

கையில் எடுத்ததும் பிடி தானாகவே உள்ளங்கையில் உட்கார்ந்தது. பதின்மூன்று தோட்டாவை விழுங்கியிருக்கிறது என்று சொல்லவே முடியாது, அவ்வளவு ஒல்லி. பத்து கெஜத்தில் முதல் ஐந்தும் என் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. எனக்கு அது அதிகம். குறிமுள் எள்ளளவு இருக்கிறது. ஐம்பது வயதுக் கண்ணுக்கு அது தெரிவதற்குள் மூச்சை இரண்டு தரம் விட்டுவிட வேண்டியிருக்கிறது. விசை கனம், கொஞ்சம் மண் கடிக்கிற மாதிரி நறநறக்கும். காரணம் அந்த மேகசின் சேஃப்டிதான். விசையோடு சேர்ந்து ஒரு சிறு கட்டை மேகசின் முகத்தில் உரசிக்கொண்டே போகிறது. அதைக் கழற்றி எறிந்துவிடு என்பார் கூடத்தில் ஒவ்வொருவரும். எனக்கு மனசு வரவில்லை. மேகசினின் முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினால் பாதி நறநறப்பு போகும், அது போதும்.

நாற்பதாவது சுற்றில் ரத்தம். சுத்தியல் பின்னால் வரும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துவிடுகிறது. சதைப்பற்றுள்ள கைக்காரர்களுக்கு இந்த வரம் உண்டு. காலி உறைகள் வேறு இரண்டு லேன் தள்ளிப் பறந்து, ஒரு பெரியவரின் தொப்பியில் விழுந்தன. அவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "ஸ்பிரிங் செத்துப்போச்சு. 17 பவுண்டு போடு, இல்லாவிட்டால் உடம்பு அடி வாங்கும்" என்றார்.

இன்னொன்று. ஏழெட்டுத் தரம் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு மாட்டியது. துப்பாக்கியைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். வாசலிலேயே நிறுத்தி, முதலில் குளிக்கச் சொன்னாள். ஈயத்தூசி.

மார்ச் 16, ஞாயிறு

வேலூரில் சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் இருந்தவர். பார்த்த மாத்திரத்தில், "டேய், இது நம்ம ஈஷாப்பூர் நைன் எம்.எம். ஆச்சே!" என்றார். ஹூக்ளிக் கரையில் ஈஷாப்பூர் ஆலை இதே வடிவத்தை நம் படைகளுக்குச் செய்கிறது. இந்தியாவில் ஒன்பது எம்.எம். தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அடகுக்கடையில் வாங்கினேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விலை கேட்டார். சொன்னேன். "ஒரு கறவ மாடு வாங்கியிருக்கலாம்டா."

மார்ச் 29, சனி

புது ஸ்பிரிங். உறைகள் என் லேனிலேயே விழுகின்றன. கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு சுட்டேன். மாட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

இன்று புத்தி வந்தது. மேகசின்களைத் தனித்தனியே வைத்து, எப்போது மாட்டுகிறது என்று எழுதிக்கொண்டே சுட்டேன். டேப் இல்லாததில் ஐம்பது சுற்று, ஒரு தடங்கல் இல்லை. 2 என்று வட்டம் போட்டதில் இருபத்தாறில் ஐந்து. வெளிச்சத்தில் பார்த்தால் அதன் வாய் உதடு ஒரு பக்கம் லேசாக விரிந்திருக்கிறது.

அது எண் இல்லை, எச்சரிக்கை. இதைச் சுமந்தவர் அதைக் கண்டுபிடித்து, எழுதி, வட்டமும் போட்டு வைத்திருக்கிறார். நான்தான் நாலு வாரம் படிக்கவில்லை. அவளிடம் சொன்னேன். "அந்த மனுஷன் சொல்லிட்டுத்தானே போயிருக்காரு" என்றாள். பாவத்தைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

ஏப்ரல் 26, சனி

இத்தாலியின் மெக்-கார் மேகசின் ஒன்று தபாலில் வந்தது. நூறு சுற்று, ஒன்றும் மாட்டவில்லை. அதன் அடியில் டேப் ஒட்டி 3 என்று எழுதினேன். வட்டம் போடவில்லை. இரண்டாம் எண்ணை எறியாமல் பெட்டகத்திலேயே வைத்திருக்கிறேன், டேப்போடு.