காத்திருக்கும் தாள்கள்

நூலொன்று எழுதப்பட்ட காலத்தைப் பற்றிப் பேசுகிறோம். அது அச்சேறிய நாளை விழாவெடுத்துக் கொண்டாடுகிறோம். அச்சான பின்பு வாசகருக்காக அது காத்திருக்கும் காலத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கதை நூல்களுக்கு அக்காலம் சில மாதங்களாக இருக்கலாம். கீழ்த்திசை மொழிகளின் இலக்கணம், அகராதி, மூலபாடப் பதிப்பு போன்றவற்றுக்கோ அது ஒரு மனித ஆயுளையும் கடந்து செல்லக்கூடும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வரலாற்றில் இதற்கொரு சான்று உண்டு. டேவிட் வில்கின்ஸ் என்னும் அறிஞர் காப்டிக் மொழிப் புதிய ஏற்பாட்டை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் 1716ஆம் ஆண்டு அங்கே வெளியிட்டார். அச்சிட்டவை 500 பிரதிகள். கடைசிப் பிரதி விற்றது 1907ஆம் ஆண்டு. ஆக, 191 ஆண்டுகள்! சராசரியாக ஆண்டுக்கு மூன்று பிரதிகள்கூட விலைபோகவில்லை. இடையில் அச்சகமே 1830ஆம் ஆண்டு வால்டன் தெருவிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பலரும் இதை நகைப்புக்குரிய செய்தியாகவே சொல்லுவர். எனக்கு நகைப்பு எழுவதில்லை. ஒருவர்பின் ஒருவராக எத்தனை பேர் அந்த நூலை ஈரத்திலிருந்தும் எலியிலிருந்தும் காத்திருப்பர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. தமிழும் வடமொழியும் அரபும் சார்ந்த ஆய்வு நூல்களை வெளியிட்டுவந்த ஒரு நிறுவனத்தில் நூல் இருப்பறையைப் பல ஆண்டுகள் நான் கவனித்துவந்தேன். இருப்பறை என்றதும் வரிசையாக நிற்கும் புத்தகங்களை வாசகர் கற்பனை செய்வர். அங்கே பெரும்பாலும் இருந்தவை புத்தகங்களல்ல, கட்டப்படாத தாள்கள். மெல்ல விற்கும் நூல்களை அச்சிட்டவுடன் முழுமையாகக் கட்டிவிடாமல், 25 அல்லது 50 படிகளாகத் தேவைக்கேற்பக் கட்டுவது பழைய பதிப்பாளரின் வழக்கம். கட்டுமானச் செலவு ஒரேயடியாக முடங்காது, இடமும் மிச்சமாகும். மாவுப் பசையும் அட்டையும் சேர்ந்த பிறகுதான் பூச்சிக்கு விருந்து தொடங்குகிறது; வெறுந்தாள் அந்த அளவுக்கு அதை அழைப்பதில்லை.

ஆனால் தாளாக வைத்திருப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். 400 பக்க நூல் என்றால் பதினாறு பக்கப் பாரங்கள் 25. ஒவ்வொரு பாரத்தையும் தனித்தனி அடுக்காக, மேலும் கீழும் பலகை வைத்துக் கிடத்தவேண்டும். கயிற்றால் இறுக்கினால் ஓரத்தை அறுத்துவிடும். அடுக்குகள் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாணாவது விலகியிருக்கவேண்டும். சுவரின் ஈரமும் தரையின் கரையானும் அந்த இடைவெளியில்தான் கண்ணுக்கு அகப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டுவேலைக்கு அனுப்புவதில்லை. பசை உலராமல் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தை பிறக்கும்வரை பொறுத்திருப்போம். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்க்கச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்று.

இருப்புக் கணக்கு எனக்கொரு பாடமாயிற்று. இருபத்துநான்கு பாரங்கள் முந்நூறு முந்நூறாக இருந்து, பதினோராம் பாரம் மட்டும் 260 இருந்தால், நம்மிடமுள்ள நூல்கள் 260தான். எஞ்சிய தாள்கள் எத்தனை அழகாக இருந்தாலும் நூலாகா. எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே முழுமையின் அளவு. ஆகவே நல்ல அடுக்குகளைவிட நலிந்த அடுக்கின் மீதே என் கண் இருக்கும்.

கட்டுமானப் பட்டறையில் வேறொரு சிக்கல். எங்கள் பைண்டர் கைதேர்ந்தவர். தமிழ் மட்டுமே படிப்பார். கிரந்த எழுத்தும் அரபு எழுத்தும் அவருக்குக் கோலங்கள். அரபு எழுத்து நூலொன்றைக் கொண்டுசென்றபோது ஒரு தாளைக் கையிலேந்தி, “ஐயா, இதுக்குத் தலை எது, கால் எது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கேளாமல் கட்டியிருந்தால் நூல் தலைகீழாகியிருக்கும். அது வலப்புறம் முதுகும், இடப்புறம் திறப்பும் அமைந்து, நமக்குப் பின்னட்டையாகத் தோன்றுமிடத்தில் தொடங்கவேண்டிய நூல். ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்க அடியிலும் அச்சிட்டிருந்த சிறிய எண்ணைக் காட்டினேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, தம்மால் ஓரெழுத்தும் படிக்க இயலாத நூலை அவர் ஒரு பாரமும் மாறாமல் தைத்துக் கொடுத்தார். படிப்பவருக்காகப் படிக்காதவர் செய்த அந்த ஊழியத்துக்கு எந்த முன்னுரையிலும் நன்றி அச்சாகவில்லை.

ஒருமுறை நிருவாகக் குழுவில் வினா எழுந்தது: “பத்தாண்டில் நாற்பது படி விற்காத நூலுக்கு அறை எதற்கு? எடைக்குப் போட்டுவிடலாமே!” அவர்கள் கூற்றில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். கூரை ஒழுகியது, சம்பளத்துக்கே பணம் தட்டுப்பாடு. நான் ஆக்ஸ்போர்டின் கதையைச் சொன்னேன். 1716இல் காப்டிக் நூலை வாங்க ஆளில்லை. ஆனால் 1822இல் எகிப்தின் பழைய சித்திர எழுத்துகளை ஷாம்போலியோன் படித்துக் காட்டியபோது, அவருக்குத் துணைநின்றது காப்டிக் மொழியறிவு. ஒரு மொழியின் நூல் எக்காலத்தில், எந்தக் கதவைத் திறக்க உதவும் என்பதைக் கிடங்கில் நிற்பவர் அறியமாட்டார். முடிவில் ஒவ்வொரு நூலிலும் ஐம்பது முழுப்படிகள் எஞ்சின, மற்றவை வண்டியேறின. அந்த வண்டி வாயிலைக் கடந்த ஓசை இன்றும் என் செவியில் உள்ளது. எஞ்சியவற்றை வாங்கப் பெருங்கூட்டம் வந்ததென்றும் சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒருவர், இருவர் வந்தனர். அவர்களுக்குக் கொடுக்க நூல் இருந்தது; அவ்வளவே.

தமிழராகிய நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைக் காண அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் அதை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அச்சிட்ட மண்ணில் அரிதாகிவிட்டதை, எங்கோ ஓர் அலமாரி காத்துத் தந்தது.

இன்று நூல்களைப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கிறோம். கேட்கும்போது ஒரு படியை மட்டும் அச்சிட்டுக் கொள்ளவும் முடிகிறது. நன்றே. ஆயினும் படமெடுப்பதற்கும் ஒரு நல்ல பிரதி வேண்டும். அதில் பதினோராம் பாரம் இருக்கவேண்டும். அதைக் கரையான் தின்னாமல் முன்னரே ஒருவர் பார்த்திருக்கவேண்டும். விதைநெல்லைக் குதிரில் காப்பவர் அறுவடைக்கு இருப்பாரா என்பது உறுதியில்லை. அதற்காக எவரும் விதைநெல்லைக் குத்தி உண்டுவிடுவதில்லை. நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பூட்டிக் கிடக்கும் பழைய அலமாரிகளை இவ்வாண்டு மழைக்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போமா?