வீலைக் கழட்டிக் கொடுத்த பையன்

ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ.ன்னு ஊரே மிதிச்ச சைக்கிளுக்கு அட்ரஸ் எங்க அம்பத்தூர்தான். 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியம். ஆனா ஏரியா பசங்ககிட்ட 'டூர் டி பிரான்ஸ்'னு சொன்னா, 'டூரா? சாப்பாடு உண்டா மச்சி?'ங்கிறாங்க!

அந்த ரேஸ் 23 நாள். 21 ஸ்டேஜ், சுமார் 3,400 கிலோமீட்டர். நடுவுல ரெண்டே நாள்தான் லீவு. எல்லார் கண்ணும் மஞ்சள் ஜெர்ஸி மேல. எனக்குப் பிடிச்சது மத்தவங்களை. டீமுக்கு எட்டுப் பேர். ஒரே லீடருக்காக மிச்ச ஏழு பேரும் முன்னால போய் எதிர்காத்தை வாங்கிப்பாங்க, தண்ணி பாட்டில் சுமப்பாங்க. சி.டி.எச். ரோட்டுல காத்தடிக்கிறப்ப ஃப்ரெண்டோட சைக்கிளுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க, அந்த அருமை புரியும்.

1934-ல ரெனே வியெத்தோன்னு ஒருத்தர். வயசு 20, நம்ம செட்டு! மலை ஏர்றதுல புலி. பிரனீஸ் மலை இறக்கத்துல லீடர் அந்தோனன் மான்யோட வீல் உடைஞ்சுது. தன்னோட முன் வீலைக் கழட்டிக் கொடுத்துட்டு, ரோட்டோர சுவர்ல உட்கார்ந்து அழுதார் வியெத்தோ. மறுநாளும் மான்யோட சைக்கிள் மக்கர். முன்னால போயிருந்த வியெத்தோ, வந்த வழியே திரும்பி மலையேறி, தன் சைக்கிளையே கொடுத்தார். பட்டம் மான்யுக்கு. வியெத்தோவுக்கு அஞ்சாவது இடம். கடைசி வரைக்கும் அவர் டூர் ஜெயிக்கவே இல்லை.

எங்க அக்கா பிளஸ் டூவோட நிறுத்திட்டு எஸ்டேட்ல வேலைக்குப் போறா. என் செமஸ்டர் ஃபீஸ் அதுலேர்ந்துதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டு இருந்தவகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன்.

"வீல் வாங்கிட்டுப் போனவன் ஜெயிச்சானாடா?"

"ஜெயிச்சாரு."

"அப்ப சரி. நீ அரியர் வெக்காம படி"ன்னுட்டு, தட்டைக் கழுவ எழுந்து போயிட்டா.