பிரிக்குமுன் ஒரு கோடு

பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பில், விசையைப் பின்னச்சுக்குக் கடத்துவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டு. சாய்ந்து சுழலும் அதன் முன்மூட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டி இருமுறை குறைக்கும். பின்மூட்டு அதனை ஈடுசெய்யும். அதற்கு இருமுனைக் கவைகளும் ஒரே நேரில் அமைதல் வேண்டும்.

பட்டறைக்குப் புதிதாய் வந்த இளைஞன், அடையாளமிடாமல் தண்டை இரண்டாகப் பிரித்துவிட்டான். மீண்டும் கோத்தபோது பற்கள் தடையின்றிப் பொருந்தின. கவைகளோ நேராக நிற்கவில்லை. மாலையில் மலையேற வேண்டிய வண்டி. பிழையை அறிந்தவன் அவன் ஒருவனே. சற்றே தயங்கினான், பின் முதிய மெக்கானிக்கிடம் சென்று சொன்னான்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. தண்டைக் கழற்றிக் கவைகளை நேர்ப்படுத்தினார். இரு பாதிகளையும் சேர்த்து ஒரு கோடு கீறினார். “பல் எங்கும் பொருந்தும், தம்பி, தண்டு அப்படியன்று” என்றார்.

அன்றுமுதல் ஸ்பேனரை எடுக்குமுன் அவன் கை சாக்கட்டியைத் தேடியது.